அரசியல் விளம்பரத்தில் உங்கள் படம், உங்களைக் கேட்காமல்: ஆதாரம் முதல் நீதிமன்றம் வரை முழுமையான வழிகாட்டி

வேட்பாளரின் துண்டுப்பிரசுரத்தில் 'பயன்பெற்ற தாய்மார்கள்' என்று ஒரு படம். படத்தில் இருப்பவருக்கு அப்படியொரு பிரசுரம் அச்சானதே தெரியாது. இந்தப் படங்கள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: சொந்தமாகப் போட்ட முகநூல் பதிவு, கூகுள் படத் தேடல், ஏதோ ஒரு விழாவில் கட்சிக்காரர் எடுத்த செல்பேசிப் படம். வடிவமைப்பவருக்கு இரவோடிரவாக வேலை முடிய வேண்டும், முகம் யாருடையது என்று அவர் யோசிப்பதில்லை.

இந்தியாவில் 'அனுமதியின்றி அரசியல் விளம்பரத்தில் படம் போட்டால் இன்ன தண்டனை' என்று நேராகச் சொல்லும் ஒற்றைச் சட்டப்பிரிவு கிடையாது. அதனால்தான் பலர் காவல் நிலையத்துக்குப் போய், 'இதில் என்னம்மா குற்றம் இருக்கிறது' என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். சட்டம் இல்லாமல் இல்லை, ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எந்த அலுவலகத்தில் எதைச் சொன்னால் வேலை நடக்கும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

முகம் ஒருவருடையது, படம் இன்னொருவருடையது

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. படத்தில் தெரிபவருக்கு அந்தரங்க உரிமை. படத்தை எடுத்தவருக்குக் காப்புரிமை (காப்பிரைட்). இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதில்லை.

அந்தரங்க உரிமைக்கு அடிப்படை, 'ஆட்டோ சங்கர் வழக்கு' என்று எல்லோரும் அறிந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று அது சொல்கிறது. விளம்பரம் என்ற சொல்லே அந்தத் தீர்ப்பில் இருப்பதால் நோட்டீஸ் எழுதும்போது முதலில் இதைத்தான் காட்ட வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்குள் வரும் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது.

காப்புரிமை வேறு கணக்கு. 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பொதுவாகப் படம் எடுத்தவரே முதல் உரிமையாளர். நீங்கள் காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுடையது. செல்ஃபியும் உங்களுடையதே. நண்பர் எடுத்த படமென்றால் உரிமை நண்பருக்கு. அவரிடமிருந்து ஒரு பக்கம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு உரிமைகளையும் சேர்த்து வாதாடலாம். கட்சிக்காரர் எடுத்த படமென்றால் காப்புரிமை வழி அடைபடுகிறது, முகத்துக்கான உரிமை மட்டுமே மிஞ்சும்.

'நீங்கள்தானே பொதுவில் போட்டீர்கள்' என்ற பதில் வரும். முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டதால், எடுத்து அச்சடிக்கவும் உரிமை கொடுத்ததாக ஆகாது. ஆனால் 2023-ம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒருவர் தாமே பொதுவில் வைத்த தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3-வது பிரிவே விலக்குகிறது.

முதல் ஒரு மணி நேரம்

கோபத்தில் பலர் செய்யும் முதல் தவறு, போஸ்டரைக் கிழிப்பது. அதோடு ஆதாரம் போய்விடும், எதிர்த்தரப்பு உங்கள் மீதே புகார் கொடுக்க வழியும் கிடைத்துவிடும். இரண்டாவது தவறு, 'பாருங்கள் இந்த அநியாயத்தை' என்று அதே படத்தைத் தன் பக்கத்தில் பகிர்வது. நூறு பேர் பார்த்திருந்ததை ஆயிரம் பேர் பார்க்க வைப்பீர்கள்.

சுவரொட்டி, பிளெக்ஸ் என்றால் மூன்று படங்கள் போதும். தூரத்திலிருந்து ஒன்று: தெருப்பெயர்ப் பலகையோ கடைப் பெயரோ தெரிய வேண்டும். விளம்பரம் முழுவதும் தெரியும்படி ஒன்று. கீழே பொடி எழுத்தில் இருக்கும் அடிவரி தெளிவாகத் தெரியும்படி ஒன்று. பிறகு, தெருவிலிருந்து நடந்துவந்து அடிவரியில் முடியும் ஒரே வீடியோ, இடையில் வெட்டாமல். செல்பேசியில் இருப்பிடப் பதிவு இயங்கட்டும். எத்தனை இடங்களில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். துண்டுப்பிரசுரம் என்றால் இரண்டு பிரதிகளாவது வாங்கி வையுங்கள்.

இணையத்தில் என்றால் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பதிவின் முழு இணைப்பு முகவரியை நகலெடுங்கள். கணக்கின் முகப்புப் பக்கத்திலிருந்து தொடங்கி அந்தப் பதிவு வரை போவதைத் திரைப்பதிவாக எடுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆகவே அதுதான் முதலில். காசு கட்டிப் போட்ட விளம்பரமென்றால் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் கட்சிப் பெயரையோ பக்கத்தின் பெயரையோ தேடுங்கள். அரசியல் விளம்பரங்கள் முடிந்த பிறகும் அங்கே 7 ஆண்டுகள் இருக்கும். யார் பணம் கட்டினார்கள், செலவு எந்த வரம்பில், எந்த மாநிலத்தில் காட்டப்பட்டது என்பதோடு ஒரு நூலக எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள், யூடியூப் விளம்பரங்களுக்குக் கூகுளின் வெளிப்படைத்தன்மை மையத்தில் தேடலாம்.

பிற்பாடு நீதிமன்றம் போக நேர்ந்தால், மின்னணுப் பதிவுக்கு 2023-ம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதற்கு இரண்டு பகுதிகள்: ஒன்று தாக்கல் செய்பவர் கையெழுத்திடுவது, இன்னொன்று நிபுணர் கையெழுத்திடுவது. கோப்பின் ஹேஷ் எண்ணும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) அதில் வரும். ஆகவே கோப்பைத் திருத்தாமல், வெட்டாமல், வாட்ஸ்அப் வழியாக அனுப்பிச் சுருக்காமல், எடுத்தபடியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வேறு கோப்பு, அதன் ஹேஷ் எண்ணும் வேறு.

இதோடு உங்கள் மூலப் படத்தையும் தேடி எடுங்கள்: எப்போது எடுத்தது, யார் எடுத்தது, எங்கே போட்டிருந்தீர்கள். நிகழ்ச்சி ஏதாவது ஒன்றில் படிவத்தில் கையெழுத்திட்டீர்களா என்றும் பாருங்கள். 'புகைப்படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி இருந்தால், அதை முதலிலேயே வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

அடிவரியைப் படியுங்கள்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 127-ஏ பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. இந்த விவகாரத்தில் உடனடியாகக் கைகொடுப்பது அதுதான். தேர்தல் துண்டுப்பிரசுரம், சுவரொட்டி எதுவானாலும் முகப்பில் அச்சகத்தார் பெயரும் முகவரியும், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அச்சடிக்கும் முன்பு வெளியிடுபவர் தன் அடையாளம் பற்றிய உறுதிமொழியில் கையெழுத்திட்டு, தன்னை நேரில் அறிந்த இருவரின் சான்றொப்பத்தோடு இரண்டு பிரதிகள் அச்சகத்தாரிடம் கொடுக்க வேண்டும். அச்சான பிறகு அந்த உறுதிமொழியின் ஒரு பிரதியும் பிரசுரமும், மாநிலத் தலைநகரில் அச்சானால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியருக்கும் போக வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தண்டனை சிறியதுதான். பயன் வேறிடத்தில் இருக்கிறது. அடிவரி இருந்தால், யார் மீது நோட்டீஸ் அனுப்புவது என்பது தெரிந்துவிடும். அடிவரி இல்லாவிட்டால், படம் பற்றிய விவாதத்துக்கே போகாமல் அதுவே தனி மீறல். தேர்தல் அலுவலருக்கு அந்தரங்க உரிமை பற்றி முடிவெடுக்க அதிகாரமோ நேரமோ கிடையாது. 'அச்சகத்தார் பெயர் இல்லை' என்றால் உடனே ஆள் அனுப்ப அதிகாரம் உண்டு. புகாரின் முதல் வரியில் எதை வைப்பது என்பது இதிலிருந்து புரியும்.

பெயர் இருந்தால் அச்சகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அச்சகத்தாருக்குக் கட்சிச் சண்டையில் மாட்டிக்கொள்ள விருப்பம் இருக்காது. யார் ஆர்டர் கொடுத்தார், வடிவமைப்புக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியவரும். அவர் சொல்லாவிட்டால், ஆட்சியர் அலுவலகத்தில் சேர்ந்த உறுதிமொழியின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதற்கு 30 நாள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு விலக்கு: கூட்டம் நடக்கும் நாள், நேரம், இடம் மட்டும் அறிவிக்கும் நோட்டீஸ் இந்தப் பிரிவுக்குள் வராது. தேர்தலே இல்லாத காலத்தில் வைக்கும் பிறந்தநாள் வாழ்த்து பிளெக்ஸும் வராது. அதற்கு உள்ளாட்சி அலுவலகமே வழி. அனுமதி பெறாமல் வைத்த பேனர் என்றால், யார் படம் என்ற கேள்வியே இல்லாமல் அகற்றிவிடுவார்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு

நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நாட்களில் வேகமான வழி தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி. புகாரை 100 நிமிடத்துக்குள் முடிப்பதே அதன் இலக்கு. அங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு: கேலரியில் ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தை அது ஏற்காது. செயலியைத் திறந்து, அந்த இடத்திலேயே நின்று எடுக்க வேண்டும், எடுத்த 5 நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுமதியின்றிப் படம் போட்டது என்று தனி வகை தேடாதீர்கள், அனுமதியற்ற சுவரொட்டி, பேனர் என்ற வகையில் போடுங்கள். செல்பேசி வசதி இல்லாதவர்கள் 1950 எண்ணை அழைக்கலாம்.

செயலிப் புகாரோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள். மாவட்டத் தேர்தல் அலுவலர் (ஆட்சியர்), தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலர் இருவருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதலாம்:

'இணைப்பில் உள்ள சுவரொட்டி இன்ன தேதியில் இன்ன தெருவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இதில் 127-ஏ பிரிவு கோரும் அச்சகத்தார், வெளியிடுபவர் விவரங்கள் இல்லை. இதில் உள்ள படம் என்னுடையது. இதைப் பயன்படுத்த எவருக்கும் நான் எழுத்திலோ வாய்மொழியாகவோ சம்மதம் தரவில்லை. நான் இந்தக் கட்சியின் உறுப்பினர் அல்ல. இதை அகற்றவும், அச்சடித்தவர், வெளியிட்டவர் விவரங்களைக் கண்டறியவும், இதன் செலவை வேட்பாளர் கணக்கில் சேர்ப்பது குறித்துச் செலவினப் பார்வையாளருக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவின் கீழ் வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 'எங்களுக்குத் தெரியாது, ஆர்வக் கோளாறில் யாரோ தொண்டர் அடித்துவிட்டார்' என்று வேட்பாளர் தரப்பு சொன்னால், வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி அவருக்காகச் செலவு செய்ததாக அந்தத் தொண்டர், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-வது பிரிவில் பதில் சொல்ல வேண்டிவரும். இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டினாலே பெரும்பாலும் பேனர் தானாக இறங்கிவிடும்.

தொலைக்காட்சி, வானொலி, இணையத்தில் வரும் கட்சி விளம்பரங்களுக்கு ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன்சான்று வேண்டும். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்த முறை இது. 2013 அக்டோபரில் சமூக ஊடகங்களும் சேர்க்கப்பட்டன. சான்று எண் இல்லாத விளம்பரம் என்றால் அந்தக் குழுவுக்கே எழுதுங்கள். சான்று பெற்றிருந்தாலும் எழுதலாம், சம்மதம் பற்றிய தகவல் குழுவின் முன் வந்திருக்க வாய்ப்பில்லை.

தேர்தல் அலுவலர் உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தர மாட்டார். அகற்றுவார், எச்சரிப்பார், வழக்குப் பதியச் சொல்வார், அவ்வளவுதான். முடிவு அறிவித்து விதிகள் விலகிய மறுநாள் இந்த வழியில் வேகம் போய்விடும். எனவே 'தேர்தல் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கே ஒத்துவராது.

இணையத்திலும் செயற்கை நுண்ணறிவிலும்

தளத்தின் 'புகாரளி' பொத்தானை அழுத்துவது முதல் படி மட்டுமே. 2021-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். விதி 3(2)(பி) முக்கியம்: ஆள்மாறாட்டம், மார்பிங் செய்த படம் என்று பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால், 24 மணி நேரத்தில் அகற்ற நடவடிக்கை என்று அந்த விதிகள் வகுத்தன. இந்தக் கெடுக்கள் திருத்தப்படுவதுண்டு, ஆகவே அன்றைய விதியைப் பார்த்துக் குறிப்பிடுங்கள். உண்மையான படத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் இந்த விதியில் தளம் தயங்கும். அப்போது காப்புரிமை உதவும். 2013-ம் ஆண்டுக் காப்புரிமை விதிகளின் 75-வது விதிப்படி முறையான புகார் கொடுத்தால், 36 மணி நேரத்துக்குள் அணுகலைத் தடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் படம் மீண்டும் வரலாம். அதனால் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்த வழி. தளத்தின் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குறை மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

உங்கள் முகத்தை வைத்து, நீங்கள் சொல்லாததைச் சொல்வதுபோல் வீடியோ செய்திருந்தால் நிலைமை உங்களுக்குச் சாதகம். அப்படிப்பட்டதைக் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே 6 அன்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. 2025 அக்டோபர் 24 அன்று வந்த அறிவுறுத்தல், செயற்கையாக உருவாக்கிய காட்சியில் திரையின் 10 சதவீதப் பரப்பிலாவது அடையாளக் குறிப்பு வேண்டும் என்றும், ஒருவரின் தோற்றத்தையோ குரலையோ சம்மதமின்றித் திரித்து வாக்காளரை ஏமாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. கட்சி அலுவலகத்துக்குப் போடும் மின்னஞ்சலில் 'இத்தனை மணிக்கு உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்' என்று நேரம் எழுதுங்கள். 3 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நோட்டீஸ், காவல் நிலையம், நீதிமன்றம்

வக்கீல் நோட்டீஸ் நான்கு பேருக்குப் போகட்டும்: வேட்பாளர், கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர், வெளியிட்டவர், அச்சகத்தார். கேட்க வேண்டியவை: உடனே நிறுத்துவது, எங்கெங்கே எத்தனை பிரதிகள் என்ற பட்டியல், மூலக் கோப்பை அழிப்பது, அதே அளவில் மறுப்பு வெளியிடுவது, இனி பயன்படுத்தமாட்டோம் என்ற எழுத்துறுதி. இழப்பீட்டுத் தொகையைக் கோடிகளில் எழுதுவது நாளிதழ்த் தலைப்புக்கு நன்றாக இருக்கும், சமரசத்துக்கு உதவாது.

காவல் நிலையத்தில் எந்தப் பிரிவு என்பதே சிக்கல். உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி ஆதரவு கேட்டிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பொருந்தும்: 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அந்த வழக்கை ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும் என்பதால், தேசிய சைபர் குற்றத் தளத்திலோ மாவட்ட சைபர் காவல் நிலையத்திலோ கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். 1930 எண் பண மோசடிக்கானது, இதற்கு அது வேண்டாம்.

அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதா 356. இதில் போலீஸ் நேராக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார்தான். ஒரு சட்டபூர்வக் கட்சியை ஆதரிப்பதாகக் காட்டியது மட்டுமே அவதூறு என்று நிறுவுவதும் கடினம். நற்பெயர் எப்படிக் குலைந்தது என்று காட்ட வேண்டும். ஊழல்வாதி, ரவுடி, ஏமாந்த பயனாளி என்றெல்லாம் தலைப்பிட்டிருந்தால் வேறு.

உரிமையியல் வழக்கில் முதலில் கேட்க வேண்டியது இடைக்காலத் தடை. காப்புரிமை உங்களிடம் இருந்தால், காப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம், கட்சித் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். காலக்கெடு: எழுத்து அவதூறுக்கு இழப்பீடு கேட்க ஓராண்டு, காப்புரிமை மீறலுக்கு 3 ஆண்டு.

சிலருக்கு வேறு கணக்கு

அரசு ஊழியர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ன் 5-வது விதி கட்சி அரசியலில் பங்கேற்பதைத் தடுக்கிறது, மாநில விதிகளும் அப்படித்தான். படம் வெளியான அன்றே, 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்று தேதியோடு மேலதிகாரிக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். துறை விசாரணை வந்தால் முதலில் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

குழந்தைகள் படத்துக்குப் பெற்றோர் சம்மதமும் செல்லாது. பிரசாரத்தில் எந்த வடிவிலும் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரி 5 அன்று ஆணையம் சொல்லிவிட்டது. ராணுவத்தினர் படங்களுக்கும் 2013-ல் தொடங்கி, 2019 மார்ச்சில் மீண்டும் நினைவூட்டிய தடை உண்டு.

இறந்தவர் படம் வருத்தமான இடம். அந்தரங்க உரிமை ஆளோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வராது என்று 2021-ல், ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. குடும்பத்தின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கில் இறந்தவரை இழிவுபடுத்தினால் அவதூறுப் பிரிவு உதவும், படத்தின் காப்புரிமை குடும்பத்திடம் இருந்தால் அதுவும் உதவும். பிரபலங்களுக்கு ஆளுமை உரிமை என்று கூடுதலாக ஒன்று உண்டு. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அதைச் சாதாரண மனிதர் நோட்டீஸில் எழுதினால் எடுபடாது.

விளம்பரம் செய்பவர் மேசையில்

இலவசப் படத் தளத்தில் எடுத்தது பாதுகாப்பு என்று வடிவமைப்பாளர்கள் நம்புகிறார்கள். அந்த உரிமம் படம் எடுத்தவர் தருவது, படத்தில் இருப்பவர் தருவது அல்ல. காசு கொடுத்து வாங்கும் தளங்கள் பலவும், மாடல் ஒரு கட்சியை ஆதரிப்பதுபோல் காட்டுவதை உரிமத்திலேயே தடுக்கின்றன.

சம்மதப் படிவம் ஒரு பக்கம் போதும். எந்தப் படம் (சிறு நகல் ஒட்டியது), எந்தக் கட்சி அல்லது வேட்பாளர், எந்தெந்த ஊடகம், எந்தத் தேதி வரை, படத்தின் அருகே என்ன வாசகம் வரும், படம் திருத்தப்படுமா, கையெழுத்து, தேதி, ஒரு சாட்சி. வாசகம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு வாங்கிய கையெழுத்தால்தான் தகராறுகள் அதிகம் வருகின்றன. 'பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்ட மக்கள்' என்று நினைத்துக் கையெழுத்திட்டவர், 'நான் ஏன் கட்சி மாறினேன்' என்ற தலைப்பின் கீழ் தன்னைப் பார்ப்பார். கூட்டப் படம்தான் வேண்டுமென்றால் முகங்கள் தனித்துத் தெரியாத அகலமான கோணத்தில் எடுங்கள். அதிலும் ஒருவரை மட்டும் வெட்டி முன்னால் கொண்டுவந்தால் அவரிடம் படிவம் வாங்கியாக வேண்டும். படிவத்தின் நகல் ஒன்றை அவரிடமே கொடுத்து, மூலத்தைக் கணக்குப் புத்தகங்களோடு சேர்த்து வையுங்கள்.